மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு கடல்

அத்தியாயம் 11

வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் போன வாரம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணன் தன் கையாலேயே தம்பிக்குப் பரிமாறினார். அண்ணனின் மனைவி, ஓரகத்தி, கலர் டீச்சரைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினாள். "இனிமே யாரு கண்ணு பட்டாலும் நம்ம குடும்பம் ஒண்ணுதான்" என்றாள்.

எல்லாரும் சிரித்த அந்த மேசையில் சிரிக்காதவன் தம்பி ஒருவன்தான். கலர் டீச்சரின் கணவன். சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேருமே கட்டிடம் கட்டுகிறவர்கள். சேர்ந்துதான் தொழிலை ஆரம்பித்தார்கள். எதனால் பிரிந்தார்கள் என்று தம்பி தன் மனைவியிடம் சொன்னதே இல்லை. கேட்டால், "தொழில்னா ஆயிரம் இருக்கும், விடு" என்பான். அவளும் விட்டுவிட்டாள். பிரிந்தவர்கள் சேர்ந்தாயிற்று, இனி அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

கிளற வேண்டிய நாள் இன்று வந்தது.

'கலர் டீச்சர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். இந்த வருஷம்தான் அந்தத் தொடக்கப் பள்ளியில் ஓவிய டீச்சராகச் சேர்ந்திருந்தாள். தம்பியோடு பேச்சு இல்லாத அப்போதும், ஓரகத்தி சொல்லி, சிபாரிசு செய்தவர் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டிடம் அவர் கட்டியது. அவர் சொன்னால் தலைமையாசிரியை தட்டமாட்டார்.

புதுக் கட்டிடத்தின் கடைசி அறைதான் மூன்றாம் வகுப்பு. அவள் மகளும் அதில்தான் படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். "பள்ளிக்கூடத்துல என்னை அம்மான்னு கூப்பிடக்கூடாது" என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். வாலு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. "டீச்சரம்மா" என்று கூப்பிடும்.

அந்த வகுப்பின் பின்சுவரில், ஜன்னல்களுக்குக் கீழே முழுக்க ஒரு கடல்.

பிள்ளைகளும் அவளுமாகச் சேர்ந்து போட்ட கடல். கணவனின் பையிலிருந்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்து, சுவரின் இரண்டு கோடியிலும் ஒரே உயரத்தில் புள்ளி வைத்தாள். நூலில் நீலப் பொடியைத் தேய்த்து, இந்த முனையை ஒரு பிள்ளை, அந்த முனையை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, நடுவில் இழுத்து விட்டாள். 'டப்' என்று சுவரில் ஒரு நேர்கோடு விழுந்தது.

"இதுதான் அடிவானம். கடலும் வானமும் தொட்டுக்கற இடம். கடல் எப்பவும் நேராத்தான் படுத்திருக்கும். சாஞ்சு படுத்த கடலை யாராவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லை டீச்சர்!"

கோட்டுக்கு மேலே வெள்ளை கலந்த நீலம். கீழே அடர்ந்த நீலம். கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார்கள். ஒருவரும் தாண்டவில்லை.

இன்று அந்தக் கடலில் படகு விட வேண்டும்.

ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை. காலையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனாலும் வகுப்புக்குள் ஈர மண் வாடை. மூன்றாவது ஜன்னல் சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று நினைத்தாள்.

"எத்தனை கலர் இருந்தா உலகத்துல இருக்கற எல்லாக் கலரையும் செய்யலாம்?"

"மூணு!"

"சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தா?"

"ஆரஞ்சு!"

"நீலமும் மஞ்சளும்?"

"பச்சை!"

"மூணையும் போட்டு ஆசை தீரக் கலக்கினா?"

"சேறு!" என்று கத்திவிட்டு எல்லாம் உருண்டு புரண்டு சிரித்தன. போன வகுப்பில் ஆளுக்கு ஒரு கிண்ணம் சேறு செய்த அனுபவம்.

"பிரஷ்ஷைக் கழுத்தைப் பிடிச்சு நெரிக்காதீங்க, பாவம். கொஞ்சம் மேல பிடிங்க. கிட்ட இருக்கற படகு பெரிசு, கீழ வரும். தூரத்துப் படகு சின்னது, கோட்டுக்குப் பக்கத்துல வரும். சரியா?"

முதல் வரிசை சுவரிடம் போயிற்று. அதில் ஒரு பெண் குழந்தை. எதை எடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைவதால் அதற்குக் 'கேள்விக்குறி' என்று பெயர். அது பிரஷ்ஷைத் தொங்கவிட்டபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன கேள்விக்குறி, படகு எங்க?"

"டீச்சர், கடல்ல படி இருக்குமா?"

"படியா?"

"இங்க ஒரு படி இருக்கே. என் படகு எந்தக் கோட்டுல போகணும்? மேல் கோட்டுலயா, கீழ் கோட்டுலயா?"

யாரோ பிசிறாகப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள்.

பிசிறு இல்லை. மூன்றாவது ஜன்னலுக்கு நேர் கீழே அடிவானம் அறுந்திருந்தது. இடது பக்கக் கோடு ஓர் உயரத்தில் வந்து நின்றது. வலது பக்கக் கோடு விரல் அகலம் கீழே இறங்கித் தொடர்ந்தது. நடுவில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அதன் இரு பக்கமும் ஒரே பிரஷ் பூசிய ஒரே தடம், கிழித்த காகிதத்தை விலக்கி ஒட்டியது போல.

பூசும்போது கோணவில்லை. பூசிக் காய்ந்த பிறகு சுவர் இறங்கியிருக்கிறது.

அவள் வெடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் ஏதோ தட்டிவிடப்பட்ட சத்தம்.

"டீச்சரம்மா, நான் வேணும்னு கொட்டலை!"

வாலுவின் கிண்ணம் கவிழ்ந்து நீலத் தண்ணீர் தரையில் ஓடியது. பரவி நிற்க வேண்டிய தண்ணீர், யாரோ கூப்பிட்ட மாதிரி நேராகச் சுவரை நோக்கிப் போயிற்று. சுவரடிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் இல்லை. தரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கீற்றில் சொட்டு மிச்சமில்லாமல் இறங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "சுவரு தண்ணி குடிக்குது! இன்னும் ஊத்தட்டுமா டீச்சர்?"

"வேண்டாம்." கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இன்னிக்குப் புதுசா ஒண்ணு கத்துக்கப் போறோம். நிழல். நிழல் உள்ள இருக்குமா, வெளிய இருக்குமா?"

"வெளிய!"

"அப்ப அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கிட்டு வரிசையா வெளிய வாங்க. பையெல்லாம் இருக்கட்டும். யாரும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. பூனை மாதிரி நடக்கணும். எந்தப் பூனை சத்தமே போடாம நடக்குதுன்னு பார்க்கறேன்."

பூனைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசிப் பூனை வாசலைத் தாண்டும்வரை அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விளையாட்டுத் திடலின் மரத்தடியில் அவர்களை உட்காரவைத்தாள். அடுத்த அறைப் பிள்ளைகள் காலையிலேயே பாட்டு வகுப்புக்குப் பழைய கட்டிடத்துக்குப் போயிருந்தார்கள். நல்லவேளை. கொஞ்சம் தள்ளி வந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, வேலையில இருக்கீங்களா? இங்க எங்க கிளாஸ்ல சுவரு இறங்கியிருக்குங்க. நாங்க போட்ட கோடு ரெண்டாப் போச்சு..."

போனில் இரைச்சல் மட்டும் வந்தது.

"கேக்குதா?"

"மூணாவது ஜன்னல் பக்கமா?" என்றான் அவன்.

அவள் ஜன்னல் என்ற வார்த்தையையே இன்னும் சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டியா? வாலு எங்க?"

"எல்லாரும் வெளியதான் இருக்காங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அங்கயே இரு. யாரையும் உள்ள விடாத. வந்துடறேன்." போன் அறுந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷி. ஆனால் எதற்கும் இரண்டு மனசு. வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கோடு கொஞ்சம் விலகியிருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக வகுப்பையே காலி பண்ணுவாங்களா டீச்சர்? பெத்தவங்க காதுக்குப் போச்சுன்னா ஊதிப் பெருசாக்கிடுவாங்க. உங்க மூத்தாரையே வரச் சொல்லிட்டேன். அவரு பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"என் வீட்டுக்காரரும் வர்றாரு மேடம்."

"அட, அப்ப நல்லதாப் போச்சு. அண்ணன் தம்பி இப்பத்தான் ராசியாயிட்டாங்களாமே?"

அவள் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பிதான் முதலில் வந்தான். வண்டியை நிறுத்தக்கூடப் பொறுக்காமல் மரத்தடிக்கு ஓடி வந்து, வாலுவின் தலையைத் தொட்டுப் பார்த்தான். "அப்பா! நிழல் வரையறோம், ஆனா வெயிலே இல்லை!" என்றது அது. அவனால் சிரிக்க முடியவில்லை.

பிள்ளைகள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் அவள் கேட்டாள். "இப்ப சொல்லுங்க. அந்த மூணாவது ஜன்னலுக்குக் கீழ என்ன இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கிணறு."

"என்னது?"

"பழைய கிணறு. பாதி உள்ள, பாதி வெளிய. ஆழமான கிணறு. இடிச்ச செங்கல்லையும் குப்பையையும் போட்டுத் தூர்த்தாங்க. அதெல்லாம் அமுங்கிக்கிட்டே இருக்கும், மேல கட்டக் கூடாது, கட்டினா குறுக்க பெரிய பீம் போட்டுத்தான் கட்டணும்னு நான் தலைகீழா நின்னேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, நாள் இல்லைன்னு அண்ணன் ஒத்துக்கலை. அன்னிக்குத்தான் கூட்டுத் தொழிலை உதறிட்டு வந்தேன்."

"இதுக்குத்தானா இத்தனை வருஷம் பேசலை?"

"அப்புறம் பீம் போட்டுட்டேன்னு சொல்லியனுப்பினான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை."

"பார்க்காமலா என்னை இங்க வேலைக்கு அனுப்பினீங்க? நம்ம பிள்ளையை அந்தச் சுவத்தோரம் உக்கார வச்சீங்க?"

"நம்பினேன்." பிறகு மெதுவாக, "நம்பிட்டா நல்லாயிருக்கும்னு இருந்துச்சு" என்றான்.

அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. கூடவே குடித்தனம் நடத்தியவனின் முகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். பயம்தான் வந்தது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். மூத்தார் வந்துவிட்டார்.

"என்ன பெரிய மனுஷங்களா, வெளியில மாநாடா?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கை ஆட்டினார். "பெரியப்பா!" என்று வாலு எழுந்து குதித்தது. அவர் சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும். தலைமையாசிரியையின் முகம் அதற்குள் பாதி தெளிந்துவிட்டது.

உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார். வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"மேடம், சுவரும் சட்டை மாதிரிதான். நாலு தண்ணி பட்டா இங்க அங்க சுருங்கத்தான் செய்யும். பூச்சு விட்டிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கே ஆள் விட்டுப் பூசிடறேன். இந்தப் பொண்ணு கோட்டைப் போடலைன்னா இது யாரு கண்ணுலயும் பட்டிருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன் அத்தான்" என்றாள் அவள். "யாரு கண்ணுலயும் பட்டிருக்காது."

மூத்தாரின் சிரிப்பு ஒரு கணம் தடுக்கியது. பிறகு, ஒரு குட்டி நாற்காலியை இழுத்து அந்தக் கடலுக்குக் கீழேயே போட்டு உட்கார்ந்தார். முழங்கால் மோவாயைத் தொட்டது.

"இதோ உக்காந்துட்டேன். விழுந்தா என் தலையில விழட்டும். வேற என்ன செய்யணும் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. முதலில் பெரிய பெரிய துளிகள். மரத்தடியில் பிள்ளைகள் கீச்சிட்டன.

"சரி, போதும்" என்றார் தலைமையாசிரியை. "அவரே உக்காந்து காட்டறாரு. பிள்ளைங்க நனையுது. எல்லாரும் வகுப்புக்குப் போங்க."

பிள்ளைகள் அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தன. அவள் வாசற்படியில் ஏறி, இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், வழி விடுங்க."

"விட மாட்டேன் மேடம்."

"குடும்ப விஷயத்தை எல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்காதீங்க!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மழையில் நின்றிருந்தான். அண்ணன் உள்ளே இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்த முகம் மாறாமல்.

"அண்ணே," என்றான் தம்பி. "வெளிய வந்துடு."

"நீ சும்மா இருடா."

"வெளிய வா அண்ணே. நீ உக்காந்திருக்கறது கிணத்து மேல."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"கிணறா? என்ன கிணறு? எங்ககிட்ட யாரும்..."

"தூர்த்த கிணறு மேடம். மூணாவது ஜன்னலுக்குக் கீழ. இனிமே இந்தக் கட்டிடத்துல ஒரு பிள்ளையும் கால் வைக்கக் கூடாது. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

இத்தனை வருஷம் அடக்கி வைத்ததைச் சொல்லி முடித்தவனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குக் கை தானாக நிலையிலிருந்து இறங்கியது. அந்த நிமிஷத்தில் அவனை மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

தலைமையாசிரியைக்கு இப்போது இரண்டு மனசு இல்லை. "ஓடுங்க, ஓடுங்க! எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு! ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்குங்க!" என்று பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு திடலைக் கடந்தார். வாலு, கேள்விக்குறியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஓடியது.

மூத்தார் நாற்காலியைவிட்டு எழுந்தார். நிதானமாக வெளியே வந்தார். சிரிப்பு இல்லாத அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. தம்பியின் பக்கத்தில் வந்து, அவனுக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"சொல்லிட்டியா? நிம்மதியா? பெண்டாட்டி முன்னாடி உத்தமன் ஆயாச்சு இல்ல? அப்ப மிச்சத்தையும் சொல்லிடு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிணறு என் தப்பு. அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை போட்டது யாரு? நான் வெளியூர்ல இருந்தப்ப, காங்கிரீட் இறுகறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு, கூரையைத் தாங்கியிருந்த முட்டுக்கட்டைகளைப் பிரிச்சது யாரு? நடுவுல வயிறு தள்ளிடுச்சுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது யாருடா? மேல பூசி மறைச்சு உன் மானத்தைக் காப்பாத்தினேனே, அதை இவகிட்ட சொன்னியா?"

அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். அவன் அவளையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. திடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பிள்ளை கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அவள் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டியது. அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கூடத்துக்குள் கதகதப்பாக இருந்தது. பிள்ளைகள் நீள மேசைகளில் இடம் பிடித்து, பாவாடையிலும் சட்டையிலும் கையைத் துடைத்துக்கொண்டு, விட்ட படத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தன. மேசை துடைக்கிற ஆயா அலுத்துக்கொண்டாள். "இந்த நடு மேசையை மட்டும் எத்தனை தடவை துடைக்கறது? மழை ஆரம்பிச்சதுலேர்ந்து மேல இருந்து வெள்ளைப் பொடியா உதிருது."

நடு மேசையில்தான் வாலு உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் எழுந்திருங்க" என்றாள் அவள். மூச்சு இரைத்தது. "வெளிய போய்... வெளிய போய் மழையை வரையலாம். பூனை மாதிரி வாங்க."

ஒரு பூனையும் அசையவில்லை. "மழை பெய்யுதே டீச்சர்? நனைஞ்சா காகிதம் கிழிஞ்சிடுமே?" என்றது கேள்விக்குறி.

தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். அவர் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "டீச்சர், ஒண்ணு சொன்னீங்க, கேட்டேன். இப்ப இதுவும் வேண்டாமா? காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது? இந்தக் கூடத்துல இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது."

"மேடம், இதுவும் சரியில்லை மேடம். தயவுசெஞ்சு..."

"யாரு சொன்னது? உங்க மூத்தாரா? அவரு பேச்சை நம்பக் கூடாதுன்னு இப்பத்தானே உங்க வீட்டுக்காரர் சொன்னாரு? இது உங்க வீட்டுக்காரர் கட்டினது. அவரையே கேட்டுடலாம்." திடலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "சார்! இங்க பயம் ஒண்ணும் இல்லையே?"

மழைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். அண்ணனின் கை அவன் தோளில் இருந்தது. ஆறுதலா, பிடியா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அவன் வாயைத் திறந்தான். அவள் தலைக்கு மேல் எங்கோ சிறிதாக, காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"பார்த்தீங்களா, ஏதாவது இருந்தா சொல்லியிருப்பாரே" என்றார் தலைமையாசிரியை. பிறகு, சாரல் உள்ளே அடிக்கிறது என்று, கூடத்தின் கதவை இழுத்துச் சாத்தினார்.